500 கஜத்தில் எல்க் மான்: முதல் செலவு ஹேண்ட்லோடிங்குக்கா, ரைஃபிளுக்கா?

(வேட்டைக்காரர்களின் விவாதம். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைப்பெயர்.)

மலைச்சரிவு

ரைஃபிள்: ரெமிங்டன் 700 அமைப்பு போல்ட் ஆக்‌ஷன், தோட்டா வகை 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம். ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் கட்டை) கூடவே வந்த பிளாஸ்டிக்தான். தோட்டா கடையில் வாங்கியது, 162 கிரெய்ன் (எடை அலகு) குண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வினாடிக்கு 2,940 அடி. 100 கஜத்தில் மூன்று குண்டுக் குரூப் (துளைகளின் மொத்த அகலம்) ஒரு தடவை 1 அங்குலம், இன்னொரு தடவை 2 அங்குலம். வேட்டை கொலராடோவில், அக்டோபர் மாதம், 9,000 அடி உயரத்தில். உச்ச தூரம் 500 கஜம்.

இந்த வருஷம் ஒரு செலவுதான் முடியும். ஒன்று, ஹேண்ட்லோடிங் (தோட்டாவை நாமே நிரப்பிச் செய்வது) சாமான் முழு செட். இல்லையென்றால் பெடிங் (ரைஃபிள் ஸ்டாக்கில் அசையாமல் உட்கார எபாக்ஸிப் பசை வார்ப்பது), டிரிகர், ஸ்கோப் மவுண்ட் வேலை. எது முதலில்? அபிப்பிராயம் மட்டும் போதாது, காரணமும் அளவும் வேண்டும்.

பித்தளைக்காரர்

ஹேண்ட்லோடிங். சந்தேகமே வேண்டாம். உங்கள் தோட்டா 7 மேக்னம் என்பதாலேயே இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இந்தத் தோட்டாவின் அடியில் ஒரு பட்டை இருக்கிறது. சேம்பருக்குள் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டைதான் தீர்மானிக்கிறது. அதனால் தோள் பகுதியில் (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) தாராளமாக இடம் விட்டே சேம்பர் வெட்டுகிறார்கள். கடைத் தோட்டா எல்லா ரைஃபிளிலும் நுழைய வேண்டும், அதனால் தோளை இன்னும் உள்ளே தள்ளிச் செய்கிறார்கள். சுட்டதும் பித்தளை உறை (கேஸ்) முன்னால் இழுபட்டு சேம்பரை நிரப்புகிறது. அடுத்த தடவை அதே கேஸை உங்கள் சேம்பருக்கு அளந்து சைஸ் செய்தால் (அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்தால்), தோட்டா பட்டையில் தொங்காது, தோளில் உட்காரும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே நேர்கோட்டில் நிற்கும். காசு கொடுத்து இதைக் கடையில் வாங்க முடியாது.

செய்முறை:

ஒரே லாட் பித்தளை 50 எடுங்கள். எல்லாவற்றையும் ஒரு தடவை சுட்டு முடியுங்கள். ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டர் வைத்து, சுட்ட கேஸின் அடியிலிருந்து தோள் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபுல் லெங்த் சைஸிங் டையை (அந்த அச்சை), தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் போகும்படி வையுங்கள். டை பெட்டியிலுள்ள காகிதம், கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கி, மேலும் கால் சுற்று திருப்பச் சொல்லும். அதைக் கேட்டால் இந்த மேக்னத்தில் தோள் ஏகத்துக்கும் உள்ளே போகும், பட்டைக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். மூன்று நான்கு தடவையில் கேஸ் அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பட்டைக்கு மேலே பள்ளம் தட்டினால் அந்த கேஸ் குப்பைக்கு.

கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம் 0.002 முதல் 0.003 அங்குலம். கேஸின் நீளம் 2.500 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, 2.490-க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். வெடிமருந்து மெதுவாக எரியும் வகை: எச்1000, எச்4831எஸ்சி போன்றவை. எடையை நான் எழுத மாட்டேன், யாரும் இணையத்தில் பார்த்து எடுக்கவும் கூடாது. குண்டு செய்த கம்பெனியின் கையேட்டிலுள்ள ஆரம்ப எடையில் தொடங்கி, அரை கிரெய்ன் வீதம் ஏறுங்கள். ஆரம்ப எடைக்குக் கீழேயும் போகாதீர்கள். பெரிய கேஸில் மெதுவான மருந்து குறைந்தாலும் ஆபத்துதான். பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மேக்னம் வகை: ஃபெடரல் 215 அல்லது சிசிஐ 250. கையேட்டில் எது இருக்கிறதோ அதுவே. பிரைமரை மாற்றினால் மீண்டும் ஆரம்ப எடையிலிருந்து வாருங்கள்.

பெஞ்சில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இதில் விலக்கே கிடையாது.

இறுக்குமுறை

பித்தளைக்காரர் சொன்ன முறை அத்தனையும் சரி. சொன்ன வரிசை தப்பு.

ஒரு நாள் 1, மறுநாள் 2 என்று வருகிற ரைஃபிளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டாக்கை. மெல்லிய பிளாஸ்டிக் முன்கட்டை பைபாட் (இருகால் தாங்கி) மேல் சாயும்போது வளையும். வளைந்தால் பேரலைத் தொடும். ஒரு குண்டுக்குத் தொட்டு, அடுத்த குண்டுக்குத் தொடாமல் இருந்தால், எந்தத் தோட்டாவும் அதைச் சரிசெய்யாது. ஆடுகிற ரைஃபிளில் லோடு (மருந்தும் குண்டும் சேரும் சரியான சேர்க்கை) தேடினால் நூறு குண்டும் நூறு பிரைமரும் வீண்.

பைசா செலவில்லாமல் முதலில் இதைப் பாருங்கள். ஒரு டாலர் நோட்டை இரண்டாக மடித்து பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு ரிசீவர் (பேரலுக்குப் பின்னால் போல்ட் ஓடும் உடல்) வரை இழுங்கள். ரைஃபிள் சும்மா இருக்கும்போது ஒரு தடவை, பைபாட் மேல் வைத்து முன்கட்டையை நன்றாக அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை. இரண்டாவது தடவை சிக்கினால் கோளாறு அங்கேதான்.

அடுத்து, டயல் இண்டிகேட்டரின் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) காந்தக் காலை பேரலில் நிறுத்தி, முள் முன்கட்டையின் நுனியைத் தொடும்படி வையுங்கள். முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூவை (ரிசீவரை ஸ்டாக்கோடு பிணைப்பது) மெல்லத் தளர்த்துங்கள். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால், ஸ்க்ரூ இறுக்கும் ஒவ்வொரு தடவையும் ரிசீவர் வளைகிறது என்று பொருள். பெடிங் வேண்டும்.

அதற்கு முன்னால் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஸ்க்ரூவின் இறுக்கத்தை இன்ச்-பவுண்டு கணக்கில் அளப்பது. அலுமினியம் பிளாக் உள்ள ஸ்டாக்கில் ஆக்‌ஷன் ஸ்க்ரூ 65. மரத்திலும் வெறும் பிளாஸ்டிக்கிலும் 35–45. ஸ்கோப் ரிங் மூடி ஸ்க்ரூ 15–18. பேஸ் ஸ்க்ரூ 700-இல் 6-48 அளவு, 20 போதும். எண்ணெய் துடைத்து, நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு. ரிங் மூடியில் அது வேண்டாம். மரைக்கு வழுக்கல் கொடுத்து, அதே டார்க்கில் டியூபை அதிகமாக நசுக்கும். கையேடு வேறு எண் சொன்னால் கையேடுதான் சரி.

பத்துக்குண்டு

இரண்டு பேரும் நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே மருந்து எழுதுகிறீர்கள். 1 அங்குலம், 2 அங்குலம் என்பது ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, எந்தக் கோளாறும் இல்லாமலே வரக்கூடிய வித்தியாசம்.

குண்டுகள் இயல்பாகச் சிதறுவதை ஒவ்வொரு அச்சிலும் சிக்மா என்று வைத்தால், மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி அகலம் 2.4 சிக்மா. ஐந்து குண்டுக்கு 3.07. பத்துக்கு 3.8. அதாவது மூன்று குண்டில் சராசரி 1 அங்குலம் காட்டும் ரைஃபிள், பத்துக் குண்டில் சராசரி 1.6 அங்குலம் காட்டும். ரைஃபிள் கெட்டுப்போகவில்லை, நாம் கேட்ட கேள்விதான் மாறியது. இன்னொன்று: மூன்று குண்டுக் குரூப் தன் சராசரியைச் சுற்றி சுமார் 37 சதவீதம் ஆடும். பத்துக் குண்டுக் குரூப் 20 சதவீதத்துக்குள்தான் ஆடும். சராசரி 1.5 என்றால் மூன்று குண்டில் 1-உம் வரும், 2-உம் வரும். மலைச்சரிவு கொடுத்த எண்கள் அச்சாக இதுதான்.

ஆகவே முதல் செலவு 20 தோட்டா. பத்து பத்தாக இரண்டு குரூப். மெல்லிய வேட்டைப் பேரல் என்பதால் மூன்று மூன்றாகச் சுட்டு, நடுவில் பேரல் கையில் சுடாத அளவுக்கு ஆறவிட்டு, அதே காகிதத்திலேயே தொடருங்கள். நேரம் ஆகும், ஆனால் இது இல்லாமல் நீங்கள் என்ன மாற்றினாலும் பலன் கிடைத்ததா இல்லையா என்று தெரியவே தெரியாது.

பித்தளைக்காரர்

பத்துக்குண்டு சொல்லும் கணக்கில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்து லோடு தேடுவதே வீண் என்கிற முடிவுக்குப் போகாதீர்கள். மருந்தின் எடையை ஏற்றிக்கொண்டே போகும்போது, வேகம் ஏறாமல் தட்டையாக நிற்கும் ஓர் இடம் வரும். அங்கே 0.2 கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் குண்டு ஒரே உயரத்தில் விழும். வெயிலிலும் பனியிலும் அந்த லோடு மாறாமல் நிற்கும். ஏணிச் சோதனையின் பயனே அதுதான்.

பத்துக்குண்டு

அந்தத் தட்டையான இடம் எடைக்கு ஒரு குண்டு சுட்டால் தெரியும். எடைக்குப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள், நேர்கோடாகிவிடும். காரணம் எளிது. நல்ல லோடிலேயே வேகத்தின் நியம விலக்கம் வினாடிக்கு 10 அடி. 7 மேக்னத்தில் 0.2 கிரெய்ன் மருந்து கூட்டும் வேகம் 6 முதல் 10 அடி. அளக்க வேண்டிய மாற்றமும் அளவின் ஆட்டமும் ஒரே பருமன் என்றால், ஒற்றைக் குண்டில் தட்டையும் தெரியும், மேடும் தெரியும், பள்ளமும் தெரியும். அடுத்த வாரம் அதே ஏணியைத் திரும்பச் சுட்டால் தட்டையான இடம் வேறு எடையில் நிற்கும்.

லோடு தேடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. எடையைத் தேடுவதுதான் வீண். குண்டை மாற்றிப் பாருங்கள், மருந்தின் வகையை மாற்றிப் பாருங்கள். அவை தரும் வித்தியாசம் பெரியது, பத்துக் குண்டிலேயே பளிச்சென்று தெரியும்.

பித்தளைக்காரர்

திரும்பச் சுட்டால் இடம் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடைக்கு ஒரு குண்டு போதாது. ஆனால் குண்டு உட்காரும் ஆழம் அப்படி இல்லை. பேரலின் உட்சுழல் வரிகளை குண்டு எட்டுவதற்கு முன் தாவும் தூரம் 0.020 அங்குலமா 0.080 அங்குலமா என்பதில் குரூப் நிஜமாகவே மாறும். செம்புக் குண்டில் இது இன்னும் கறாராகத் தெரியும். பார்ன்ஸ் வகை முழுச் செம்புக் குண்டை 0.050 அங்குலம் தாவ விட்டுத்தான் தொடங்க வேண்டும். கடைத் தோட்டாவில் இந்த ஆழம் யாரோ ஒருவர் எல்லா ரைஃபிளுக்கும் பொதுவாக வைத்தது.

செம்பைச் சும்மா சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே வேட்டைக்குப் போகிறவருக்கு கடையில் கிடைக்கும் செம்புத் தோட்டா இரண்டு மூன்று வகை இருந்தாலே அதிகம். அவருக்கு ஹேண்ட்லோடிங் ஆடம்பரம் இல்லை.

இறுக்குமுறை

ஆழத்தைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள், புதியவர்கள் படிக்கிறார்கள். இலக்குப் போட்டிக்காரர்கள் குண்டை வரியில் அழுத்தி உட்கார வைப்பார்கள். வேட்டையில் அது கூடவே கூடாது. மாலையில் சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு பேரலிலேயே சிக்கிக்கொண்டு, கேஸ் மட்டும் வெளியே வரும். மருந்து முழுக்க ஆக்‌ஷனுக்குள், டிரிகருக்குள் கொட்டும். மலை மேல் அன்றோடு வேட்டை முடிந்தது. குறைந்தது 0.020 தாவல் வையுங்கள், மேகஸினில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று ஒவ்வொரு தோட்டாவையும் பாருங்கள்.

காற்றுக்கணக்கு

எல்லோரும் 100 கஜத்திலேயே நிற்கிறீர்கள். கேள்வி 500 கஜம். அங்கே எந்தப் பிழை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தக் குண்டு, இந்த வேகம், கடல் மட்டக் காற்று:

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 500 கஜத்தில் சுமார் 12.5 அங்குலம் தள்ளும். காற்றை 3 மைல் தப்பாகக் கணித்தால் கிட்டத்தட்ட 4 அங்குலம் விலகும்.

வேகம் வினாடிக்கு 20 அடி மாறினால், 500 கஜத்தில் உயரத்தில் ஒரு அங்குலத்துக்குள்தான் வித்தியாசம்.

ஸ்கோப் 3 டிகிரி சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் ஏறக்குறைய 3 அங்குலம். கண்ணுக்கு 3 டிகிரி தெரியாது. ரைஃபிளில் ஒரு சின்ன நீர்மட்டக் குமிழ் வைத்தால் தெரியும்.

ரைஃபிளின் சொந்தச் சிதறல்: பத்துக் குண்டில் 1.5 எம்ஓஏ என்றால் 500 கஜத்தில் குரூப் 7.9 அங்குலம், நடுவிலிருந்து 3.9. எம்ஓஏ (கோண அளவு) என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், மறந்துவிட வேண்டாம்.

எல்கின் நெஞ்சுக்கூட்டில் நம்பி வைக்கக்கூடிய வட்டம் 12 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 6. காற்றுப் பிழை 3.8, ரைஃபிள் சிதறல் 3.9, கூட்டினால் 7.7. வட்டத்துக்கு வெளியே. இப்போது ரைஃபிளை எதுவும் செய்யாமல் தூரத்தை மட்டும் 400 கஜமாகக் குறையுங்கள். காற்றுப் பிழை 2.4, சிதறல் 3.1, மொத்தம் 5.5. உள்ளே வந்துவிட்டது. நூறு கஜம் நெருங்கி நடப்பது, நீங்கள் இங்கே வாதாடும் இரண்டு செலவையும்விடப் பெரிய முன்னேற்றம். அதற்குப் பணமும் இல்லை.

பித்தளைக்காரர்

கடல் மட்டத்தில் எல்க் கிடையாது. கேட்டவர் 9,000 அடி என்று எழுதியிருக்கிறார். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் காற்று தள்ளுவதும் சுமார் கால் பங்கு குறையும். உங்கள் கணக்கையே திரும்பப் போடுங்கள். 500 கஜத்தில் 3 மைல் பிழை 2.8 அங்குலமாகிறது. ரைஃபிள் 1.5 எம்ஓஏ என்றால் மொத்தம் 6.7, வெளியே. அதே ரைஃபிளை 1 எம்ஓஏ-வுக்குக் கொண்டுவந்தால் 2.6-உம் 2.8-உம் சேர்ந்து 5.4, உள்ளே. அந்த உயரத்தில் சிதறலைக் குறைப்பதுதான் வட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

காற்றுக்கணக்கு

அண்ணே, அடர்த்தி விஷயம் சரி, நான் விட்டது தப்பு. ஆனால் 3 மைல் பிழை என்பது சமவெளி ரேஞ்சின் கணக்கு. மலையில் நிற்கிற இடத்தில் ஒரு காற்று, பள்ளத்தாக்கின் நடுவில் வேறொன்று, எதிர்ச் சரிவில் மூன்றாவது. கையிலுள்ள மீட்டர் முதலாவதைத்தான் காட்டும். அங்கே 5 மைல் பிழை சாதாரணம். 9,000 அடியிலும் 5 மைலுக்கு 4.7 அங்குலம். 1 எம்ஓஏ ரைஃபிளோடு கூட்டினால் 7.3, திரும்பவும் வெளியே. அரை எம்ஓஏ ரைஃபிளாக இருந்தாலும் விளிம்பில்தான் நிற்கும்.

பத்துக்குண்டு

ஒரு திருத்தம். இரண்டு பிழைகளின் உச்சத்தையும் நேராகக் கூட்டுவது நிகழ்தகவுப்படி மிகை. இரண்டும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில், உச்சத்தில் அமைவது அரிது. இலக்குக் காகிதத்துக்கு நான் இப்படிக் கூட்ட மாட்டேன். உயிருள்ள விலங்குக்கு இப்படித்தான் கூட்ட வேண்டும். வயிற்றில் பட்ட எல்க் பல மைல் ஓடி எங்கோ செத்துக் கிடக்கும். சராசரிக் குண்டை நினைத்து டிரிகர் இழுப்பது அங்கே நியாயமில்லை. 1887-இல் தொடங்கிய அமெரிக்க வேட்டைச் சங்கமான பூன் அண்ட் க்ரொக்கெட் கிளப்கூட நீண்ட தூரச் சூட்டை வேட்டை நியாயத்தின் கேள்வியாகத்தான் பார்க்கிறது.

மலைச்சரிவு

நோட்டுச் சோதனை செய்தாயிற்று. சும்மா இருக்கும்போது நோட்டு ஓடுகிறது, பைபாட் மேல் அழுத்தினால் முன்கட்டையின் நுனியில் சிக்குகிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தினால் இண்டிகேட்டர் முள் 0.006 நகர்கிறது. பெடிங் செய்வதென்றால் இந்த பிளாஸ்டிக்கிலேயே செய்யலாமா? டிரிகரும் மாற்ற வேண்டுமா?

இறுக்குமுறை

0.006 அதிகம் தம்பி. காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அந்த பிளாஸ்டிக்கில் பெடிங் செய்யாதீர்கள். எபாக்ஸி அதில் ஒழுங்காகப் பிடிக்காது, முன்கட்டையின் வளைவும் போகாது. ஃபைபர் கிளாஸ் ஸ்டாக் அல்லது அலுமினியம் பிளாக் உள்ள ஸ்டாக் ஒன்று வாங்குங்கள். பிளாக் உள்ளதென்றால் பல சமயம் பெடிங்கே தேவைப்படாது. போட்டு இறுக்கி, அதே இண்டிகேட்டர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 0.002-க்குள் வந்தால் வேலை முடிந்தது.

பெடிங் செய்தே ஆக வேண்டுமென்றால்: மரைன்-டெக்ஸ் அல்லது டெவ்கான் எபாக்ஸி. ரீகாயில் லக்கின் (உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோகத் துண்டு) முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். பின்முகத்தில் ஒட்டாதீர்கள், உதை தாங்க வேண்டியது அந்த முகம் மட்டும்தான். டேப் ஒட்டாமல் விட்டால் பிறகு ஆக்‌ஷனை உள்ளே இறக்கும்போது அடியில் முட்டி, திரும்பவும் வளைவு வரும். டிரிகர் குழி, ஸ்க்ரூ துளை, மேகஸின் ஓரம் எல்லாவற்றையும் களிமண்ணால் அடையுங்கள். எபாக்ஸி உள்ளே ஏறிப் பூட்டிக்கொண்டால் ரைஃபிளைப் பிரிக்க ஸ்டாக்கை உடைக்க வேண்டியிருக்கும். ஒட்டாத மெழுகை உலோகம் முழுக்க, ஸ்க்ரூ மரைக்குள்ளும், இரண்டு பூச்சு. ஆக்‌ஷனை ஸ்க்ரூவால் இறுக்கி உட்கார வைக்காதீர்கள்; இறுக்கினால் அந்த வளைவையே எபாக்ஸியில் வார்த்துவிடுவீர்கள். பேரலில் டேப் சுற்றி நடுவாக நிறுத்தி, தன் எடையில் உட்கார விட்டு, 24 மணி நேரம் தொடாதீர்கள்.

டிரிகர்: குரூப்பைவிட, படுத்தும் சாய்ந்தும் சுடும்போது கை இழுப்பதைக் குறைக்கும். வேட்டைக்கு இரண்டரை முதல் மூன்று பவுண்டு, அதற்குக் கீழே வேண்டாம். குளிரில் கையுறையோடு விரல் வைக்க வேண்டும். ஆனால் பழைய 700 வைத்திருப்பவர்கள் முதலில் டிரிகரின் வயதைப் பாருங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகரை ரெமிங்டனே 2014-இல் திரும்ப அழைத்தது. உள்ளே ஒட்டும் பொருள் அதிகமாகப் போனதால், விரல் படாமலே சுடும் வாய்ப்பு இருந்தது. அந்த வகை என்றால் இது துல்லியம் பற்றிய கேள்வியே அல்ல, உடனே மாற்ற வேண்டும்.

பித்தளைக்காரர்

0.006 நகர்ந்தது என்றால் நான் வழிவிடுகிறேன். ஸ்டாக் முதலில். ஆனால் அடுத்த படி என்ன என்பதில் விடமாட்டேன். நல்ல ஸ்டாக்கில் போட்ட பிறகும் கடைத் தோட்டாவின் வேகம் உச்சத்துக்கும் அடிக்கும் 60 அடி வித்தியாசம் வந்தால், 500 கஜத்தில் உயரத்தில் மட்டும் இரண்டரை அங்குலம் போய்விடும். காற்றைக் குறை சொல்ல முடியாத இழப்பு அது. ஒழுங்காக 0.1 கிரெய்ன் துல்லியத்தில் எடை போட்ட மருந்து, ஒரே லாட் பித்தளை, ஒரே இறுக்கம் இருந்தால் அந்த வித்தியாசம் பாதியாகும்.

குளிரையும் பாருங்கள். கோடையில் ரேஞ்சில் பார்த்த வேகம் அக்டோபர் காலையில் வராது. எச்1000 போன்ற ஹாட்ஜ்டன் எக்ஸ்ட்ரீம் வரிசை மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் அசையாதவை. ரீலோடர் 22 நல்ல வேகம் தரும், ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் மாறும். கடைத் தோட்டாவுக்குள் எந்த மருந்து என்று பெட்டியில் போட மாட்டார்கள்.

அழுத்தத்தை பிரைமர் தட்டையானதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போல்ட் தூக்கக் கனம், கேஸின் அடியில் எஜெக்டரின் (கேஸை வெளியே தள்ளும் முள்) பளபளப்பு வட்டம், இவை தெரியும்போது எல்லையை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். எந்த அறிகுறியும் இல்லாமலே, கையேட்டிலுள்ள உச்ச வேகத்தை க்ரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) தாண்டினால் அதுவே அறிகுறி. உடனே இறங்குங்கள்.

பத்துக்குண்டு

அந்த 60 அடி இருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். நல்ல கடைத் தோட்டாவில் 30–40-க்குள்ளும் வரும். ரேடார் வகை க்ரோனோகிராஃப் வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். பேரலின் நுனியில் கட்டும் வகை வேகத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் அதன் எடையால் குண்டு விழும் இடமும் குரூப்பும் மாறும். ஒரே நேரத்தில் இரண்டையும் அளக்க அது உதவாது. இருபது குண்டின் வேகத்தை எழுதி வைத்த பிறகுதான் பிரெஸ் (ஹேண்ட்லோடிங் கருவி) வாங்கலாமா என்று பேச வேண்டும்.

காற்றுக்கணக்கு

ஸ்டாக் மாற்றியதும் இரண்டு வேலை, இரண்டும் தோட்டாச் செலவு மட்டும்.

உயர இலக்குச் சோதனை. 100 கஜத்தை டேப் வைத்து அளந்து, தூக்குநூல் கட்டி, செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். அடியில் ஒரு குரூப். டயலை 20 எம்ஓஏ மேலே திருப்பி இன்னொரு குரூப். இரண்டுக்கும் நடுவில் 20.9 அங்குலம் இருக்க வேண்டும். 20.0 வந்தால் ஸ்கோப் குறைவாக நகர்கிறது, கணக்கில் அதைச் சேருங்கள். குரூப் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் போனால் ஸ்கோப் சாய்ந்து மாட்டியிருக்கிறது.

ஆறிய பேரலின் முதல் குண்டு. எல்க் மேல் போவது அதுதான், பத்தாவது அல்ல. வெவ்வேறு பத்து நாட்களில், நாளுக்கு ஒரே குண்டு, ஒரே காகிதத்தில். அன்றைக்கு வேறு எதுவும் சுடாதீர்கள். பேரலைத் துடைத்து எண்ணெய் விட்ட மறுநாள் குண்டு எங்கே போகிறது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது பல ரைஃபிளில் விலகிப் போகும், அதனால் வேட்டைக்கு முன் இரண்டு மூன்று குண்டு சுட்ட பேரலோடுதான் புறப்பட வேண்டும். அந்தப் பத்துத் துளையின் அகலம்தான் உங்கள் ரைஃபிள். அதை வைத்து எத்தனை கஜம் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

பித்தளைக்காரர்

அந்தப் பத்துத் துளை 1 எம்ஓஏ-வைத் தாண்டினால் திரும்ப இங்கே வாருங்கள், டை செட்டிங்கிலிருந்து தொடங்கலாம். சுட்ட பித்தளையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சேம்பரில் ஒரு தடவை விரிந்த கேஸ் அது, லாட் வாரியாகப் பெட்டியில் போட்டு, பெட்டி மேல் தேதி எழுதி வையுங்கள்.

மலைச்சரிவு

அலுமினியம் பிளாக் ஸ்டாக், டார்க் ரெஞ்ச், 60 கடைத் தோட்டா ஒரே லாட். இந்த வருஷச் செலவு இதுதான். பித்தளை பெட்டிக்குப் போகும். வேட்டைக்கு உச்சம் 400 கஜம்.